அக்குளில் கணு எடுத்த கையை எவ்வளவு பயன்படுத்தலாம்?

ஜன்னலோரம் எழுதியது:

வணக்கம். பல மாதங்களாக இங்கே படிப்பதோடு சரி. இன்றுதான் எழுதத் துணிந்தேன். வயது 47. இடது மார்பகத்தை முழுவதுமாக எடுத்து ஏழு வாரம் ஆகிறது. அக்குளிலிருந்து 14 நிணநீர்க் கணுக்களை, அதாவது திசுவில் சேரும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, எடுத்திருக்கிறார்கள். கீமோ அறுவைக்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்தது கதிர்வீச்சு.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். கனம் தூக்காதீர்கள், ஊசி போட விடாதீர்கள், வெந்நீர் படாமல் பாருங்கள். எதைச் செய்யலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நானோ சொன்ன பேச்சைக் கேட்கிறவள். ஏழு வாரமும் கையை மார்போடு அணைத்துக் கைக்குழந்தையைப் போல வைத்துக்கொண்டேன். தலை வாருவது, உள்ளாடைக் கொக்கி மாட்டுவது எல்லாம் மகள்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை கதிர்வீச்சுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் படுத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய் அங்கிருக்கும் பிடியைப் பற்ற வேண்டும். வலது கை போய்விட்டது. இடது கை காது உயரத்துக்குக்கூட வரவில்லை. அங்கிருந்த பெண் மெதுவாக உயர்த்திப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "கை வராமல் ஸ்கேன் எடுக்க முடியாது, பயிற்சி செய்துவிட்டு மூன்று வாரத்தில் வாருங்கள்" என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பயிற்சி என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் விரித்தால் அக்குளிலிருந்து முழங்கை மடிப்பு வரை தோலுக்கு அடியில் கொடிக்கயிறு கட்டினாற்போல ஒன்று விறைத்து நிற்கிறது. தொட்டால் உருளுகிறது. நோய் மறுபடியும் வந்துவிட்டதா? இழுத்தால் அறுந்துவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுகரை எழுதியது:

முதலில் மூச்சு விடுங்கள். அந்தக் கயிறு எனக்கும் இருந்தது, இரண்டு இழையாக. ஒன்பது வருடம் ஆகிறது, நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நானும் ஓர் இரவு முழுக்க விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கை அசையவேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விவரத்தைப் பிசியோ படித்தவர்கள் சொல்லட்டும்.

மூட்டுமேசை எழுதியது:

பதினாறு வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்களோடுதான். உங்களைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் நின்று சொல்கிறேன்.

அந்தக் கயிற்றை நாங்கள் அக்குள் வலை என்போம். கணுக்களை எடுக்கும்போது அங்கே வந்து சேர்ந்த மெல்லிய நிணநீர்க் குழாய்கள் துண்டிக்கப்பட்டு, உள்ளே அடைத்து, இறுகி விறைத்துக்கொள்கின்றன என்பதுதான் பொதுவான விளக்கம். பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் தலைகாட்டும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தளர்ந்துவிடும். மென்மையாக நீட்டிக்கொண்டே வந்தால் சீக்கிரம் தளரும். சிலருக்குப் பயிற்சியின்போது "டப்" என்று விட்டதுபோல ஓர் உணர்வு வந்து, உடனே கை கூடுதலாக உயரும். அதற்காக நீங்களே பிடித்து அறுக்க முயலவேண்டாம்.

இப்போது கை. வடிகால் டியூப் எடுத்து, காயம் ஆறி, நீர் கட்டாமல் இருந்தால் இவற்றைத் தொடங்கலாம். உங்கள் அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, ஒரு குடைக்கம்பையோ துடைப்பக் கம்பையோ இரண்டு கையாலும் பிடியுங்கள். நல்ல கை தள்ள, மற்றக் கை கூடவே போகட்டும். முகத்துக்கு மேலே வந்து இழுக்கிற இடத்தில் நிறுத்தி, ஐந்து மூச்சு நிதானமாக விடுங்கள். மூச்சை அடக்கினால் தோள் காதுக்கு ஏறிக்கொள்ளும். அதுதான் எல்லோரும் செய்கிற தவறு. படுத்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு வேண்டிய நிலையே அதுதான். கதிர்வீச்சு மேசையில் படுத்துத்தானே கையை வைக்கப்போகிறீர்கள்.

அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் நண்டு ஊர்வதுபோல மேலே ஏறட்டும். நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். முதல் நாளே வலது கைக்கும் ஒரு கோடு போட்டுவையுங்கள், போகவேண்டிய இடம் தெரியும். இறங்கும்போதும் விரல்களாலேயே இறங்குங்கள், கையைத் தொப்பென்று போடக்கூடாது.

ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்று, நான்கு வரும் அளவுக்கு இழுக்கலாம். மறுநாள் காலையிலும் அந்த வலி மிச்சமிருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள்.

ஏழு வாரம் ஒன்றும் தாமதமில்லை, அவசரமும் இல்லை. பிரிட்டனில் 392 பெண்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், தோள் இறுகிப்போகும் அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்கு அறுவை முடிந்து ஏழு முதல் பத்து நாளிலேயே பிசியோ தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தாளை மட்டும் வாங்கிப் போனவர்களைவிட அவர்களுடைய கைதான் நன்றாக வேலை செய்தது.

கணக்கர் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் தங்கைக்கு இதே அறுவைதான். இரண்டு வருடம் கையில் ஒன்றுமில்லை. ஒரு பயணத்தில் கனமான பெட்டியை அந்தக் கையாலேயே நாள் முழுக்கத் தூக்கினாள். மறுநாள் புறங்கை பன்போல வீங்கிவிட்டது. இன்று வரை முழுதாக வடியவில்லை. சட்டைக் கையை வெட்டித் தைத்துப் போடுகிறாள். தூக்காதே என்று சொன்னவர்கள் முட்டாள்களா? போனால் திரும்பாத விஷயத்தில் பரிசோதனை எதற்கு?

மறுகரை எழுதியது:

உங்கள் தங்கைக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் இரண்டு வருடம் அந்தக் கையால் அவர் என்ன தூக்கினார் என்று கேட்டீர்களா?

கணக்கர் எழுதியது:

ஒன்றும் தூக்கவில்லை. நாங்கள் விடவில்லை.

மூட்டுமேசை எழுதியது:

கணக்கர் ஐயா, உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பெட்டி வீக்கத்தைத் தூண்டியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. இரண்டு வருடம் சும்மா இருந்த கைக்கு ஒரே நாளில் முழுச் சுமை ஏறினால் தசை நோகும், திசுவில் நீர் சேரும். அதை வெளியேற்றும் வழியோ பாதிதான் மிஞ்சியிருக்கிறது.

நிணநீருக்கு இதயம்போல ஒரு பெரிய பம்ப் கிடையாது. அதன் குழாய்கள் தாமே கொஞ்சம் சுருங்கி விரிகின்றன. மிச்ச வேலையைச் சுற்றியுள்ள தசைகளும் மூச்சும் செய்கின்றன. கையை அசைக்காமல் வைத்தால் அந்த உதவியும் நின்றுவிடுகிறது. தசை மெலிந்தால் சாதாரண வேலைகூட அந்தக் கைக்குப் பெரிய சுமையாகிவிடுகிறது.

1990-கள் வரை மருத்துவ உலகம் முழுக்க உங்களைப் போலத்தான் சொன்னது. கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-இல் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு, அதாவது பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளப் படகு, வலிக்கப் பழக்கினார். துடுப்புப் போடுவது முழுக்க முழுக்கத் தோளும் கையும் செய்யும் வேலை. வீங்கிவிடும் என்று சொல்லப்பட்டதையே எடுத்துக்கொண்டார். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் கையைப் பழக்கி, பிறகுதான் படகில் ஏற்றினார். அந்தப் பருவம் முடிந்தபோது யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை.

24 பேர் குறைவு என்பீர்கள், சரிதான். 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வாரம் இரண்டு நாள் எடை தூக்கியது, ஒரு வருடம். மற்றப் பாதி வழக்கம்போல இருந்தது. வீக்கம் கூடியவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. வீக்கம் திடீரென்று மோசமாகிச் சிகிச்சைக்கு ஓடியவர்கள் எடை தூக்கிய பக்கத்தில்தான் குறைவு, 14 சதவீதம்; மற்றப் பக்கம் 29.

ஆனால் அவர்கள் எப்படித் தூக்கினார்கள் என்பதையும் பாருங்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள். கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தார்கள். முதல் 13 வாரம் பக்கத்தில் பயிற்சியாளர் நின்றார். இரண்டு தடவை ஒரு தொந்தரவும் இல்லாமல் செய்தால்தான் அடுத்த சிறிய படி. உங்கள் தங்கைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் வீக்கத்துக்கான சிகிச்சை, அதாவது கட்டுப்போடுவது, தோலைப் பார்த்துக்கொள்வது, நிணநீரை நகர்த்த மென்மையாகத் தடவிவிடும் நிணநீர் வடிப்பு. பிறகு அழுத்த உறையோடு அரைக் கிலோ.

நெருஞ்சிப்பூ எழுதியது:

எல்லாருக்கும் வீங்குமா? எனக்கு இரண்டு கணு மட்டும்தான் எடுத்தார்கள்.

மூட்டுமேசை எழுதியது:

இல்லை. மொத்தமாகக் கணுக்களை எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு; உங்களைப் போலக் காவல் கணுவை, அதாவது புற்று முதலில் எட்டக்கூடிய ஓரிரு கணுக்களை, மட்டும் எடுத்தவர்களில் சுமார் இருபதில் ஒருவருக்கு. அக்குளுக்கும் கதிர்வீச்சு கொடுத்தால், உடல் எடை அதிகமிருந்தால் இந்த அளவு கூடும். மாதம் ஒரு முறை இரண்டு கையையும் டேப்பால் ஒரே இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். மோதிரம் இறுகுவது, கை கனப்பது, மாலையில் சட்டைக் கை பதிந்து தடம் விடுவது, இவையே முதல் சேதி.

சாம்பல்குருவி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கவேண்டும். எனக்கு விரலில் பூச்சி கடித்தது. மாலைக்குள் முன்கை முழுக்கச் சிவந்து, தொட்டால் சுட்டது. இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். உடற்பயிற்சி செய்ததால் வந்த வீக்கம் என்று நினைத்து நானே தடவிவிட்டுக்கொண்டிருந்தேன்! அது தோலுக்கு அடியில் பரவும் தொற்று. மருத்துவமனையில் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். சிவப்பு, சூடு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் தடவாதீர்கள், பயிற்சி செய்யாதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நெறியாளர்:

நிணநீர் வீக்கத்தை ஒரே வாரத்தில் கரைக்கும் தைலம் என்று வந்த பதிவை நீக்கிவிட்டேன். இது மூன்றாவது முறை. கேள்விகள் தொடரட்டும்.

ஊமத்தை எழுதியது:

இங்கே கேட்கலாமா தெரியவில்லை, தலைப்பும் வேறு. எனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்தும் உள்ளேயும் கதிர்வீச்சு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன். பெண்ணுறுப்பு சுருங்கிவிடும் என்று ஒரு குழாய் போன்ற கருவியைக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். கையைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறீர்கள். இதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

மறுகரை எழுதியது:

இதைக் கேட்கத்தான் இந்த இடம். நன்றி, கேட்டதற்கு.

மூட்டுமேசை எழுதியது:

சகோதரி, முதலில் அந்தப் பெட்டி. உள்ளே கதிர்வீச்சு பட்ட சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கி, விறைக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த விரிப்பான். தாம்பத்தியம் வேண்டும், வேண்டாம் என்பது உங்கள் விருப்பம். ஆனால் பின்னாளில் மருத்துவர் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்கும் வழி திறந்திருக்கவேண்டும். வழக்கமாக உள்ரணம் ஆறியதும், சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தொடங்குவோம். ஐந்து மாதம் ஆகிவிட்டதால் முதல் தடவை உங்கள் மருத்துவரோ செவிலியரோ பார்த்த பிறகு தொடங்குங்கள். மிகச் சிறிய அளவு, நீர் கலந்த வழவழப்புக் களிம்பு, மல்லாந்து முழங்கால் மடித்து, மூச்சை வெளியே விடும்போது மெதுவாக. வாரம் இரண்டு மூன்று தடவை, சில நிமிடம். சொட்டு ரத்தம் தென்படலாம். அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கசிவுக்கு, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி. 1948-இல் ஆர்னால்ட் கெகெல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதியதால் கெகெல் என்றே பெயர் நின்றுவிட்டது. வாயு வெளியேறாமல் அடக்கும்போது எது உள்ளே மேலேறுகிறதோ அதுதான் தசை. வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது. மேலே இழுத்து எண்ணுங்கள்; முதலில் மூன்று வரை வந்தால் போதும், பிறகு பத்து வரை. எவ்வளவு நேரம் இழுத்தீர்களோ அவ்வளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். எட்டு தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் கொடுக்காமல் பலனில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே இழுத்துப் பிடிக்கப் பழகுங்கள். இந்தச் சின்னத் தந்திரத்தில் சிலருக்கு முதல் வாரமே வித்தியாசம் தெரியும்.

சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். தசையை அடையாளம் காண ஒரே ஒரு தடவை செய்யலாம், அதோடு சரி.

மணல்மேடு எழுதியது:

எனக்குக் கெகெல் செய்து நிலைமை மோசமானது. ஆறு மாதம் விடாமல் செய்தேன். வலி கூடியது, சிறுநீர் விட்டு விட்டுப் போனது.

மூட்டுமேசை எழுதியது:

இதைச் சொன்னதற்கு நன்றி. கதிர்வீச்சுக்குப் பின் சிலருக்குத் தசை பலவீனமாக இருப்பதில்லை. இறுகிப்போய், தளரத் தெரியாமல் கிடக்கிறது. இறுகிய முஷ்டியை மேலும் இறுக்கச் சொன்னால் என்ன ஆகும்? அவர்களுக்கு முதலில் வயிறு வரை மூச்சிழுத்துத் தளர்த்தும் பயிற்சிதான்.

இன்னொன்று, வாயால் சொல்லிக்கொடுத்தால் பலருக்குச் சரியாக வருவதில்லை. 1991-இல் 47 பெண்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர். கால்வாசிப் பேர் இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். அது கசிவைக் கூட்டத்தான் செய்யும். ஆகவே ஊமத்தை, நான் மேலே எழுதியதை மட்டும் நம்பாமல், இடுப்புத்தளம் பார்க்கும் பிசியோ ஒருவரிடம் ஒரே ஒரு தடவையாவது போய்வாருங்கள்.

நெருஞ்சிப்பூ எழுதியது:

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை லெட்ரோசோல் ஆரம்பித்ததிலிருந்து காலையில் விரல் மடங்கவில்லை, முழங்கால் கதவுக் கீல்போலச் சத்தம் போடுகிறது. இந்த வலியோடு நடக்கவா?

மூட்டுமேசை எழுதியது:

நடக்கத்தான். இந்த வகை மாத்திரை சாப்பிட்டு மூட்டு வலித்த 121 பெண்களிடம் யேல் பல்கலைக்கழகம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட வேக நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதே மாத்திரை எலும்பையும் மெலியச் செய்யும். எலும்பு அடர்த்திச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கீமோவால் பாதம் மரத்திருந்தால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள்.

கணக்கர் எழுதியது:

உடற்பயிற்சி செய்தால் புற்றுநோய் திரும்பாது என்று செய்தியில் பார்த்தேன். அது உண்மையா?

மூட்டுமேசை எழுதியது:

2025-இல் வந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். 889 பேர், பெருங்குடல் புற்றுநோய், அறுவையும் கீமோவும் முடிந்த பிறகு மூன்று வருடம் வழிகாட்டியோடு பயிற்சி. ஐந்து வருடம் கழித்து நோயின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பக்கத்தில் 80 சதவீதம், மற்றப் பக்கத்தில் 74. பெரிய சேதிதான். ஆனால் அது பெருங்குடல். மார்பகத்துக்கும் அப்படியே என்று நான் எழுதமாட்டேன். "நடந்திருந்தால் வந்திருக்காது" என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிற உறவினர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எலும்புக்குப் பரவியவர்களும், காய்ச்சல் இருப்பவர்களும், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும் மேலே உள்ள எதையும் கேட்காமல் செய்யவேண்டாம்.

கணக்கர் எழுதியது:

தங்கையிடம் பேசினேன். பிசியோவிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். கூட வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

ஊமத்தை எழுதியது:

பெட்டியைத் திறந்தேன். மருத்துவரிடம் வியாழக்கிழமை போகிறேன்.

ஜன்னலோரம் எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். முதல் நாள் சுவரில் விரல் நின்ற இடம் என் மூக்கு உயரம். இப்போது அதற்கு 31 சென்டிமீட்டர் மேலே. நடுவில் ஒன்பதாம் நாள் குடைக்கம்பை உயர்த்தும்போது அக்குளில் ஏதோ விட்டது. பயந்து எழுந்து உட்கார்ந்தேன், வலியில்லை. கயிறு இப்போது முழங்கைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இன்று ஸ்கேன் முடிந்தது. கை பிடியைப் பற்றியது. முழங்கைக்குக் கீழே ஒரு மெத்தை வைத்தார்கள், அசையாமல் கிடந்தேன். கதிர்வீச்சுக்கு அடையாளமாக மார்பில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறார்கள். கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் பயிற்சியை நிறுத்தவேண்டுமா?

மூட்டுமேசை எழுதியது:

நிறுத்தாதீர்கள். தோல் சிவந்து எரிந்தால் இழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் மாதக்கணக்கில் உள்ளே இறுகிக்கொண்டே வரும். குறைந்தது ஒரு வருடத்துக்குக் கம்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

சரி. திங்கள்கிழமை காலை 8.40-க்கு முதல் தடவை. வீட்டில் சுவருக்கு வெள்ளையடிக்கப் பேச்சு நடக்கிறது. அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். வலது கைக் கோட்டுக்கு இன்னும் நான்கு விரற்கடை குறைகிறது.